அயர்லாந்தின் 45,000 வட்டக்கோட்டைகளைக் காப்பாற்றியது பயம்தானா?

வெண்முகில் எழுதியது:

அயர்லாந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தால் லிஸ், ராத் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் திரும்பின பக்கமெல்லாம் இருக்கும். லிஸ்டோவல், லிஸ்மோர், ராத்மைன்ஸ், ராத்ஃபார்னம். மண்ணை வட்டமாக அணைத்துக் கட்டிய பழைய குடியிருப்புகள் இருந்த இடங்கள் இவை. 84,000 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்தத் தீவில் இப்படிச் சுமார் 45,000 வட்டங்கள் கணக்கில் வந்திருக்கின்றன. கோட்டை என்று பெயர்தான், ராஜாவும் படையும் இருந்த இடமில்லை. பெரும்பாலானவை கி.பி. 600 முதல் 900 வரை கட்டப்பட்டவை. முப்பது மீட்டர் சுமாருக்குக் குறுக்களவு, சுற்றிலும் மண்கரை, கரைக்கு வெளியே அகழி, உள்ளே ஒரு விவசாயக் குடும்பமும் அவர்கள் மாடுகளும். அப்போது மாடுதான் சொத்து, அதை ஓட்டிக்கொண்டு போக வருபவன்தான் எதிரி. சிலவற்றில் தரைக்கடியில் கல் அடுக்கிய சுரங்க அறைகூட உண்டு, பண்டம் வைக்கவும் ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளவும்.

ஆள் காலி செய்து ஆயிரம் வருஷம் ஆன மண்கரை, அதுவும் நல்ல நிலத்துக்கு நட்டநடுவே, உழப்படாமல் எப்படி நின்றது? அரசாங்கமா காத்தது? தேசிய நினைவுச்சின்னச் சட்டமே 1930-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பல நூறு வருஷம் காத்தது ஊர்ச்சனத்தின் நம்பிக்கை. கட்டியவர்களை ஊர் மறந்துபோய், அங்கே ஷீ என்ற மாய மக்கள் குடியிருக்கிறார்கள் என்று நம்பத் தொடங்கியது. இறக்கை முளைத்த குட்டித் தேவதைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷீ மக்கள் பார்வைக்கு நம்மைப் போலத்தான், மாடு மேய்ப்பார்கள், ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆடுவார்கள், மாகாணத்துக்கு மாகாணம் சண்டை போடுவார்கள், சீண்டினால் ஆளையே முடக்கிப் போடுவார்கள். பெயரைச் சொல்லவே தயங்கி 'நல்லவர்கள்' என்றுதான் பேசினார்கள். கரையில் நிற்கும் ஹாதார்ன் என்ற முள்மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. உள்ளே ஏர் ஓட்டக் கூடாது. இருட்டிய பிறகு அழுக்குத் தண்ணீரை வாசலில் வீசுவதற்கு முன் ஒரு குரல் கொடுக்க வேண்டும், யார் மேலாவது பட்டுவிடும். மாடு கன்று ஈன்றால் சீம்பாலில் கொஞ்சம் அவர்களுக்கு.

எந்தத் தொல்லியல் துறையும் சம்பளம் கொடுத்து 45,000 காவலாளிகளை நிறுத்த முடியாது. அந்த வேலையைச் செய்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்குவது நன்றிகெட்ட செயல் என்றே நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?


தொல்லியல்_சேகர் எழுதியது:

நல்ல இழை. பெரும்பகுதி ஒத்துப்போகிறேன், ஆனால் முழுப் பெருமையையும் பயத்துக்கே கொடுக்க முடியாது. அயர்லாந்தின் நிலத்தில் பெரும்பங்கு மேய்ச்சல் நிலம். புல் முளைத்த மண்கரை மேய்ச்சல்காரனுக்கு இடைஞ்சலே இல்லை, காற்றடிக்கும்போது மாடு ஒதுங்க உதவியும்கூட. உழவு அதிகமாக நடந்த பகுதிகளில் நம்பிக்கை இருந்தும் நிறையக் கோட்டைகள் போய்விட்டன. அடுத்த அடி எந்திரத்தால் வந்தது. குதிரையையும் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டு ஒரு கரையை நிரவ வாரக்கணக்கில் முதுகொடிய வேண்டும், ஊரே வேடிக்கை பார்க்கும், பக்கத்துக்காரர் வந்து வேண்டாம் என்பார். புல்டோசர் ஒரே காலையில் முடித்துவிடும், பயப்படக்கூட நேரம் கொடுக்காது. 1973-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த பிறகு நிலத்தைச் சீர்செய்யக் காசும் கிடைத்தது.

இன்னொன்று, பழைய இலக்கியத்தில் ஷீ மக்கள் வாழ்வது இந்த விவசாய வட்டங்களில் இல்லை. அவர்கள் இடம் குன்றுகளும் கற்காலச் சமாதி மேடுகளும். துவாஹா டே டானன் என்ற தெய்வ இனம் மிலீசியர் என்ற மனித இனத்திடம் தோற்றது, அமர்கின் என்ற கவிஞன் நாட்டைப் பங்கு பிரித்தான், நிலத்துக்கு மேலே மனிதருக்கு, கீழே இருப்பது அவர்களுக்கு. கேட்டாலே உடம்பு சிலிர்க்கும் பங்கீடு அது. அப்படிக் கீழே போனவர்களில் தாக்டாவும் அவன் மகன் அங்கஸும் இருந்த மாளிகை என்று கதைகள் சொல்வது பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள நியூகிரேஞ்ச். அது கி.மு. 3200 வாக்கில் கட்டியது, எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் முந்தியது. குளிர்காலச் சூரியன் திரும்பும் நாளில் காலை வெயில் வாசலுக்கு மேலே இருக்கும் ஒரு திறப்பு வழியாக நுழைந்து, நீண்ட நடைபாதையைக் கடந்து, உள்ளறை வரை போய்த் தரையைத் தொடும். 1967 டிசம்பர் 21 அன்று அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே நின்று அதைக் கண்ணால் பார்த்தார். அந்த மேட்டுக்குள் வெயில் போகும் என்ற பேச்சு அந்த வட்டாரத்தில் அதற்கு முன்பே இருந்தது, அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் போய்ப் பார்த்தார்.

வட்டக்கோட்டைகளுக்கு இந்தக் கதை பின்னால்தான் இறங்கி வந்தது. அப்படியும் எல்லாரும் ஷீ என்று சொல்லவில்லை, டேனியர்கள் கட்டியது என்றவர்களும் ஏராளம். அதாவது தங்கள் சொந்தப் பாட்டன்மார் கட்டிய வீட்டையே அந்நியன் வீடாக்கிக்கொண்டார்கள். எனக்கு இதுதான் வருத்தமான பகுதி.


அன்பரசி எழுதியது:

இரண்டு பேரும் மண்கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கை மனிதர்களை என்ன செய்தது என்று யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும், நான் சொல்கிறேன்.

பிரிஜெட் கிளியரி. டிப்பரரி மாவட்டம், பாலிவாட்லி. 1895-ல் அவளுக்கு 26 வயது. தையல்காரி, சொந்தமாக சிங்கர் மெஷின் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள், நன்றாக உடுத்துவாள். குழந்தை இல்லை. கணவன் மைக்கேல் மரப்பீப்பாய் செய்பவன். மார்ச் தொடக்கத்தில் கில்நக்ரானா கோட்டைப் பக்கம் முட்டை கொடுக்கப் போய்விட்டு வந்தவளுக்குக் குளிர் பிடித்துக்கொண்டது, காய்ச்சல், தலைவலி. டாக்டர் வந்தார், பாதிரியாரும் வந்து போனார். ஆனால் இது என் பெண்டாட்டி இல்லை, கோட்டைக்காரர்கள் அவளை எடுத்துக்கொண்டு வேறு ஒன்றை வைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் கணவன் மனதில் விழுந்துவிட்டது. மூலிகை வைத்தியனிடமிருந்து மருந்து வாங்கிவந்து, மார்ச் 14 ராத்திரி உறவுக்காரர்கள் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள வாயில் திணித்தார்கள், அடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள், கடவுளின் பெயரால் நீ பிரிஜெட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெற்ற அப்பாவும் அங்கேதான் இருந்தார்.

மறுநாள் கொஞ்சம் தெளிந்து எழுந்து, தன் நல்ல உடைகளைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். கணவன் ஜாம் தடவின ரொட்டி மூன்று துண்டு கொடுத்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயரைச் சொல்லச் சொன்னான். இரண்டு ஆயிற்று. மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தாமதமானது. கீழே தள்ளினான், எரிகிற கட்டையை முகத்துக்கு நேரே நீட்டினான், உள்ளாடையில் தீப்பிடித்தது, விளக்கு எரிக்கும் எண்ணெயை எடுத்து மேலே ஊற்றினான். வீட்டில் அத்தனை பேர் இருந்தார்கள், கதவு பூட்டியிருந்தது, சாவி அவன் பையில்.

அதற்குப் பிறகு அவன் மூன்று ராத்திரி அந்தக் கோட்டையில் போய்க் கறுப்புப் பிடி போட்ட கத்தியோடு காத்திருந்தான். உண்மையான பிரிஜெட் வெள்ளைக்குதிரையில் வருவாள், கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து இறக்கிவிடலாம் என்று. மார்ச் 22 அன்று ஆழமில்லாத குழி ஒன்றில் அவள் உடலைப் போலீஸ் கண்டெடுத்தது. குளோன்மெல் நீதிமன்றம் அதைக் கொலை என்று தீர்க்காமல் குறைந்த குற்றமாக எடுத்துக்கொண்டது. கணவனுக்கு 20 வருஷம், 15 வருஷம் இருந்துவிட்டு 1910-ல் வெளியே வந்து கனடா போய்விட்டான். அப்பா உட்பட உறவினர் சிலருக்கும் தண்டனை கிடைத்தது.

மேடு தப்பித்தது, சரி. அவள் தப்பிக்கவில்லையே. நன்றி சொல்லச் சொல்கிறீர்கள் வெண்முகில், யாருடைய கணக்கில் சொல்வது?


வெண்முகில் எழுதியது:

அன்பரசி அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை படிக்கவே மனம் வரவில்லை. மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழக்கு எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்கலாமா என்று பிரிட்டனில் பெரிய சண்டை நடந்த காலம் அது. இரண்டாவது தன்னாட்சி மசோதா 1893-ல்தான் பிரபுக்கள் சபையில் தோற்றிருந்தது. பிரிஜெட் செத்ததும் எதிர்த்தரப்புப் பத்திரிகைகளுக்கு விருந்து கிடைத்தமாதிரி ஆகிவிட்டது, பெண்ணைச் சூனியக்காரி என்று எரிக்கும் சனத்துக்கு ஆட்சியா என்று எழுதினார்கள். அவளைச் சூனியக்காரி என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவே இல்லை. அவள் சாவைக்கூட அவளுக்காக யாரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

அப்புறம், அந்த ஊரில் எல்லாருமே இப்படி நம்பினார்கள் என்று எடுத்துக்கொண்டால் அந்த மனிதர்களுக்கு அநியாயம் செய்கிறோம். காய்ச்சல் கண்டவர்கள் அந்தப் பகுதியில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், அவர்களை யாரும் அடுப்பில் பிடிக்கவில்லை. சொந்தமாகச் சம்பாதித்து, பிள்ளையும் இல்லாமல், யாருக்கும் அடங்காமல் இருந்த ஒருத்தி மேல்தான் இது பாய்ந்தது. நம்பிக்கை கத்தியைக் கையில் கொடுத்தது, குத்தியது வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று.


அன்பரசி எழுதியது:

சரிதான், ஆனால் அந்தக் கத்தி ஊர்முழுக்கத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதுதான் என் வாதம். 1826-ல் கெர்ரியில் நாலு வயதாகியும் நிற்கவும் பேசவும் முடியாத ஒரு பையனை, அவனுக்குள் இருக்கும் ஷீயை விரட்டுவதாகச் சொல்லி ஃப்ளெஸ்க் ஆற்றில் முக்கி மூழ்கடித்த கிழவி, ட்ராலி நீதிமன்றத்தில் குற்றமற்றவள் என்று விடுதலையானாள். ஒருத்தியின் வீட்டு விஷயம் என்று அதைச் சொல்ல முடியாது. நோய்க்கும் ஊனத்துக்கும் வேறு விளக்கம் இல்லாத இடத்தில், இது என் பிள்ளை இல்லை என்று சொல்லிக்கொள்ள இந்தக் கதை வழி கொடுத்தது. பெற்றவர்களின் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கதையின் விலையைக் கட்டியது எப்போதும் வீட்டிலேயே பலவீனமான ஆள்.

மேற்குக் கடற்கரையிலும் அரன் தீவுகளிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டியும் பாவாடை போட்டு வளர்த்த பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. ஷீ மக்கள் ஆண்குழந்தையைத்தான் தூக்கிப்போவார்கள், பெண் என்று நினைத்து ஏமாந்துபோகட்டும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். வீட்டிலேயே நெய்த துணியில் அதுதான் தைக்கச் சுலபம் என்றும் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் அதுவும் இதே பயம்தான், ஆனால் பிள்ளையை அணைத்துக்கொண்ட பயம். இந்தப் பக்கமும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை.


எனிஸ்_மலர் எழுதியது:

நான் கிளேர் மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே இருந்துகொண்டு இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லாட்டூனில் ஒரு ஹாதார்ன் மரம் இருக்கிறது, நியூமார்க்கெட்-ஆன்-ஃபெர்கஸ் பக்கம். பார்த்தால் சாதாரணப் புதர்தான். 1999-ல் புறவழிச் சாலைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்றதும் கதைசொல்லி எடி லெனிஹன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் போராடினார். மன்ஸ்டர் மாகாணத்து ஷீ மக்கள் கொனாக்ட் மாகாணத்துக்காரர்களோடு சண்டைக்குப் போகும் வழியில் கூடும் இடம் அது, வெட்டினால் அந்தச் சாலையில் உயிர்ப்பலி விழும் என்றார். உலகம் முழுக்கச் செய்தியானது. கடைசியில் மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போட்டார்கள். 2002-ல் யாரோ ராத்திரியில் வந்து ரம்பத்தால் கிளைகளையெல்லாம் அறுத்துப்போட்டார்கள், அடிமரம் மட்டும் நின்றது. மறுபடியும் துளிர்த்துவிட்டது.

அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பல கோட்டைகளுக்குள் கில்லீன் உண்டு. ஞானஸ்நானம் ஆகும் முன்பே இறந்துபோன குழந்தைகளைத் திருச்சபை தன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விடவில்லை. அப்பாவோ சித்தப்பாவோ இருட்டிய பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் எல்லையிலோ, கடலோரத்திலோ, பழைய கோட்டைக்குள்ளோ புதைத்துவிட்டு வந்தார்கள். பாதிரியார் இல்லை, ஜெபம் இல்லை, பெயர் பொறித்த கல் இல்லை. வெறும் கல் ஒன்றை நட்டு வைப்பார்கள், சில இடங்களில் வெள்ளைக் கூழாங்கல் போடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் நடந்தது இது. அந்தக் குழந்தைகள் மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத ஓரிடத்தில் இருப்பார்கள் என்பது அன்றைய போதனை, அவர்களுக்கும் மோட்சம் கிடைக்கும் என்று நம்ப இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு சொன்னது 2007-ல்.

யோசித்துப் பாருங்கள், ஏன் கோட்டைக்குள்? யாரும் தோண்ட மாட்டார்கள், ஏர் வராது என்று தெரியும். தேவாலயம் கைவிட்ட பிள்ளையை ஷீ மக்கள் மேலிருந்த பயத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார்கள். இங்கே வயதானவர்கள் கோட்டைப் பேச்சு எடுத்தால் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள், அது பேய்ப்பயம் மட்டும்தான் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அந்த மண்ணுக்குள் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள்.


தொல்லியல்_சேகர் எழுதியது:

மலர், இதை எழுதியதற்கு நன்றி. அகழாய்வு அறிக்கைகளில் கில்லீன் என்பது ஒரு அடைப்புக்குறிக்குள் வந்துபோகும் சொல்லாகவே ரொம்ப நாள் இருந்தது. இப்போது பல ஊர்களில் அந்த இடங்களில் நினைவுக்கல் வைத்து ஜெபமும் நடத்துகிறார்கள், நடக்க வேண்டியதுதான்.

வெண்முகில், இதைப் படித்தபிறகு உங்கள் கேள்விக்கு என் பதில் மாறுகிறது. மேய்ச்சல் நிலம், எந்திரம் எல்லாம் காரணம்தான். ஆனால் ஒரு குடும்பம் ஒரு குறிப்பிட்ட மேட்டை ஏன் தலைமுறை தலைமுறையாகத் தொடவில்லை என்பதற்கு அவை பதில் ஆகாது.


கபிலன்77 எழுதியது:

எல்லாரும் இறந்தகாலத்தில் பேசுகிறீர்கள். இன்றைக்கும் நம்புகிறார்களா? நம்பாவிட்டால் மிச்சம் இருக்கும் கோட்டைகளை யார் காப்பது? இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதையும் யாராவது சொல்லுங்கள், புதிதாகப் படிக்கிறேன்.


தொல்லியல்_சேகர் எழுதியது:

கபிலன், முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. 2017-ல் கெர்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே, ஒரு நெடுஞ்சாலை திரும்பத் திரும்பப் பள்ளம் விழுவதற்கு அங்கேயிருக்கும் கோட்டைகள்தான் காரணம் என்று பகிரங்கமாகச் சொன்னார். டெலோரியன் கார் தொழிற்சாலை 1981-ல் உற்பத்தி தொடங்கி 1982-லேயே மூடிப்போனதற்கு, பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் அதைக் கட்டும்போது வெட்டின ஹாதார்ன் மரத்தைக் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடன், கார் விற்காதது, நிறுவனரின் கைது எல்லாம் தெரிந்துதான் சொல்கிறார்கள். நம்புகிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் வெட்டு என்றால் ரம்பத்தை இன்னொருத்தர் கையில் கொடுப்பார்கள்.

காப்பதற்கு இப்போது சட்டம் இருக்கிறது. 1994 திருத்தத்துக்குப் பிறகு பதிவேட்டில் உள்ள இடத்தில் வேலை செய்ய நினைப்பவர் இரண்டு மாதம் முன்பே அரசுக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். 2012-ல் கெர்ரியில் ஒரு கோட்டையை அழித்த விவசாயிக்கு 25,000 யூரோ அபராதம் போட்டார்கள். போதுமா என்றால் போதாது. அபராதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் துணிய முடியும்.

எப்படித் தெரியவந்தது என்பது தனி அதிசயம். 1935-ல் அரசு ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைத்தது. சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற கனமான பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள். எழுதி முடித்ததும் உருளையைச் சீவிவிட்டு அடுத்த ஆளுக்கு எடுத்துக்கொண்டார்கள், புதிது வாங்கக் காசில்லை. எத்தனையோ கிழவர்களின் குரல் அப்படிச் சீவப்பட்டுப் போயிற்று, எழுத்து மட்டும் மிஞ்சியது. 1937 முதல் 1939 வரை இன்னொன்று செய்தார்கள். சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம், வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதிவா என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள், மொத்தம் 7,40,000 பக்கம் போல. ஊர்க்கோட்டை, புதையல், நாட்டு வைத்தியம், வானிலைக் குறி, பஞ்சகாலம் எல்லாம் அதில் உண்டு. 1845-ல் தொடங்கின பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். அதை அப்பா அம்மா வாயால் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் 1937-ல் உயிரோடு இருந்தார்கள். வடக்கே பிரிட்டனின் கீழ் இருந்த ஆறு மாவட்டங்கள் இதில் சேரவில்லை, அது பெரிய குறை.


அன்பரசி எழுதியது:

அந்தப் பள்ளித் தொகுப்பை நானும் படிப்பதுண்டு. கோட்டைப் பக்கங்கள் ஒரே அச்சில் வரும். இன்னார் மரத்தை வெட்டினார், வாய் கோணிப்போயிற்று. இன்னார் கரையை நிரவினார், மாடுகள் செத்தன. பயமுறுத்தவே எழுதினதுபோல இருக்கும். ஆனால் நடுநடுவே ராத்திரியில் அங்கே சங்கீதம் கேட்டதாக, விளக்கு எரிந்ததாக, வழிதவறினவனுக்குச் சோறு போட்டதாகவும் வரும். பயத்தோடு கூடவே ஒரு ஏக்கமும் இருந்திருக்கிறது. மலர் சொன்ன கில்லீன் விஷயம் தெரிந்தபிறகு அந்த விளக்குக் கதைகளை நான் வேறுமாதிரி படிக்கிறேன். வெண்முகில், உங்கள் மரியாதையில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மரியாதைப் பட்டியலில் பிரிஜெட்டின் பெயரையும் சேர்த்துத்தான் பேசவேண்டும் என்பதே என் நிபந்தனை.


வெண்முகில் எழுதியது:

நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. இந்த இழையின் முதல் பதிவைப் பின்னால் யாராவது எடுத்துப் போட்டால் உங்கள் பதிவையும் மலருடையதையும் சேர்த்தே போடட்டும்.

கபிலன், பள்ளித் தொகுப்பைப் படிக்க டூஹஸ் (duchas.ie) என்ற தளத்துக்குப் போங்கள், இலவசம். மாவட்டம், பள்ளி, தலைப்பு எந்த வழியாகவும் தேடலாம். பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும், பிள்ளைகளின் கையெழுத்துப் பக்கமும் பக்கத்திலேயே தட்டச்சு செய்ததும் சேர்ந்து வரும், தன்னார்வலர்கள் செய்த வேலை அது. டிப்பரரியிலிருந்து தொடங்குங்கள். நேரில் போகும் வாய்ப்பு கிடைத்தால் ஒன்று நினைவிருக்கட்டும், கோட்டைகள் அநேகமாகத் தனியார் நிலத்தில் இருக்கின்றன. விவசாயியிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள், கேட்டை மூடிவிட்டு வாருங்கள், உள்ளே கிடக்கும் கல்லை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நகர்த்தாதீர்கள்.